தேதி தெரியாத கம்ப்யூட்டர்

அத்தியாயம் 6

"செத்தவன் லெட்டர் எழுதுவானா மேடம்?"

"சாகப் போறவன் எழுதுவான். ரோட்டைப் பாத்து ஓட்டும் தாஸண்ணே."

ரோடு தெரிந்தால்தானே பார்ப்பதற்கு? மார்த்தாண்டம் மேம்பாலத்தில் ஆடிச் சாரல் விட்டு விட்டு அடித்துக்கொண்டிருந்தது. எங்கள் ஆம்னியில் வைப்பர் ஒரு பக்கம்தான் வேலை செய்யும், அதுவும் மேடம் உட்காரும் பக்கம்.

என் பெயர் செல்வதாஸ். சொத்து என்று இந்த ஆம்னி ஒன்று, கடன் வாங்காமலே நீண்ட ஒரு வாய். துப்பறிவாளர் சுஜாவுக்கு டிரைவர், உதவியாளர், சாயா வாங்கி வருகிறவன் எல்லாம் நான்தான். மேடம் முன்பு இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கிளெய்ம் பிடிக்கிற வேலையில் இருந்தவர். எரிந்த கடைக்குள் போய் ஒரு தடவை மூக்கை உறிஞ்சினால் போதும், மின்கசிவா மண்ணெண்ணெயா என்று சொல்லிவிடுவார்.

இந்த வழக்கு அன்று காலையில்தான் வந்தது. வெள்ளைச் சுடிதார், அழுது சிவந்த கண்கள். பெயர் ரெஜிலா என்றாள். மஸ்கட்டில் நர்ஸ். தம்பி ஜெபிஷ் போன வெள்ளிக்கிழமை பேச்சிப்பாறை அணையில் குதித்துவிட்டான் என்று கேட்டுப் பறந்து வந்திருக்கிறாள். அணைக்கரையில் அவன் பைக்கும் செருப்பும் இருந்தன. அவன் ஆபீஸ் மேஜையில் ஒரு பிளாப்பி, அதற்குள் ஒரு கடிதம். 'என்னைத் தேட வேண்டாம். யார் மேலும் குற்றமில்லை.' அவ்வளவுதான். நான்கு நாளாகத் தண்ணீரைக் கலக்கியும் உடல் கிடைக்கவில்லை.

"எனக்க தம்பி சாகல்ல மேடம். அவன் எங்க இருக்கான்னு மட்டும் கண்டுபிடிச்சுத் தாங்க. வேற ஒண்ணும் வேண்டாம்," என்று மேடத்தின் கையைப் பிடித்துக்கொண்டாள். போலீஸ் எடுத்த கம்ப்யூட்டர் திரையின் போட்டோவைக் காட்டினாள். "பாருங்க, தேதி நேரம் எல்லாம் இருக்கு. வெள்ளிக்கிழமை நாலு பன்னிரண்டுக்கு லெட்டர் அடிச்சிருக்கான். அது வரைக்கும் அவன் உயிரோடதான் இருந்திருக்கான்."

எனக்கும் ஒரு அக்கா சவூதியில் இருக்கிறாள். "அழாத பிள்ளே. துப்பு கெடச்சா முதல் செய்தி உனக்குத்தான்," என்று அவள் நம்பரை வாங்கி வைத்துக்கொண்டேன்.

கண்ணாடியில் பார்த்தேன். "மேடம், பின்னால ஒரு டிப்பர் லாரி ரொம்ப நேரமா வருது. பெண்ணு பாக்கப் போற மாதிரி பைய வருது."

"மார்த்தாண்டத்துல எந்த வண்டி வேகமா போயிருக்கு?"

அதுவும் சரிதான் என்று விட்டுவிட்டேன்.

* * *

சந்தை ரோட்டில் ஒரு டைல்ஸ் கடை, அதன் மாடியில் 'அயனி கேம்ஸ்' என்று ஒரு பலகை. கதவைத் திறந்தவன் ரெனிஷ், ஜெபிஷின் கூட்டாளி. முப்பது வயசு இருக்கும். நாலு நாள் தூங்காத முகம். அறை முழுக்கச் சின்னச் சின்ன அட்டைப்பெட்டிகள், ஒவ்வொன்றிலும் வெளிநாட்டு முகவரி.

"என்ன கேம் பண்ணுதீங்க? செல்போன் கேமா?" என்றேன்.

"இல்லண்ணே. காஸ்மான்னு ஒரு பழைய கம்ப்யூட்டர். அதுக்கு மட்டும்தான்."

"கேள்விப்பட்டதே இல்லியே."

"அந்தக் கம்பெனி மூடி முப்பது வருஷம் ஆச்சு."

"செத்த மாட்டுக்குப் புல்லு அறுக்கியளா மக்கா?"

அவனுக்குக் கோபம் வந்தது. நல்ல கோபம்தான். "மாடு சாகல்லண்ணே. உலகத்துல முந்நூத்திப் பன்னிரண்டு வீட்டுல இப்பவும் நிக்குது. ஜெர்மனி, போலந்து, சுவீடன். எல்லாரும் எங்ககிட்ட வாங்குறவங்கதான். அவங்களுக்குப் புதுசா கேம் பண்ணிக் குடுக்க வேற ஆளு கிடையாது. ஜெபிஷுக்க அப்பா குவைத்துல இருந்து கொண்டு வந்த மெஷின் ஒண்ணு உண்டு. புரோகிராமு, படம் எல்லாம் அவன் அதுலதான் செய்வான். நான் இந்த லேப்டாப்புல பெட்டிக்குப் படம் போட்டு, தபால்ல அனுப்புவேன். நாங்க ரெண்டு பேரும் கண்டதே காஸ்மாக்காரங்களுக்க வெப்சைட்லதான். அவன் ஆறு கிலோமீட்டர் தள்ளி இருந்திருக்கான், எனக்குத் தெரியல்ல. அவனுக்க குடும்பத்துல ஒருத்தரையும் நான் பாத்தது கிடையாது."

மேடம் அறையைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜன்னலோர மேஜை முழுக்கத் தூசி. நடுவில் ஒரு பெட்டி அளவுக்கு மட்டும் சுத்தமாக இருந்தது.

"அந்த மெஷின் எங்க?"

"ரிப்பேருக்குக் குடுத்திருக்கு."

"உலகத்துலயே முந்நூத்திப் பன்னிரண்டு பேரு வச்சிருக்க மெஷினுக்கு மார்த்தாண்டத்துல ரிப்பேர் கடையா?"

ரெனிஷ் ஓர் அட்டைப்பெட்டியை எடுத்து முகவரியைச் சரிபார்க்கத் தொடங்கினான். மேடம் வற்புறுத்தவில்லை. போலீஸ் போட்டோ மட்டும் எடுத்து விட்டுப்போயிருந்த பிளாப்பியைக் கேட்டார். அவன் அதை லேப்டாப்போடு ஒட்டிய ஒரு சின்னப் பெட்டிக்குள் செருகினான். கரகரவென்று ஒரு சத்தம். திரையில் ஒரு பட்டியல் வந்தது. நாற்பது கோப்புகள் இருக்கும். ஒவ்வொன்றின் பக்கத்திலும் தேதி.

1985 ஜனவரி 1. 1985 ஜனவரி 1. 1985 ஜனவரி 1. கடைசி வரை அதேதான்.

"ஜெபிஷுக்கு என்ன வயசு?" என்றார் மேடம்.

"இருபத்தொம்பது."

"அப்போ பொறக்கதுக்கு முன்னாலயே நாப்பது ஃபைலு செஞ்சிருக்கான். கெட்டிக்காரப் பய," என்றேன்.

மேடம் சிரிக்கவில்லை. விரலைப் பட்டியலின் அடியில் வைத்தார். கடிதம். அதற்கு மட்டும் வேறு தேதி, 2025 ஜூலை 18, மாலை 4.12.

"முன்னால ஒரு தீப்பிடிச்ச கடையில பில் மெஷின் ஒண்ணு பாத்தேன் தாஸண்ணே. உள்ள இருக்க பேட்டரி செத்துப் போச்சு. தினமும் காலையில ஆன் பண்ணினா ஒரே தேதிதான் போடும். அதுக்கு இன்னைக்கு என்ன நாளுன்னு தெரியாது. இந்தக் காஸ்மாவும் அப்படித்தான். எப்ப ஆன் பண்ணினாலும் அதுக்கு ஜனவரி ஒண்ணு. சரியா ரெனிஷ்?"

அவன் தலை மட்டும் ஆடியது.

"அப்போ இந்த லெட்டருக்கு மட்டும் தேதி எப்படித் தெரிஞ்சுது? தேதி தெரிஞ்ச மெஷின்ல அடிச்சதுனாலதான். இந்த லேப்டாப்புல அடிச்சதுனாலதான். இது உன் லேப்டாப்பு."

சாரல் ஜன்னல் கண்ணாடியில் அடித்தது. ரெனிஷ் லேப்டாப்பை மெல்லத் தன் பக்கம் இழுத்தான். கொலைகாரனோடு ஒரே அறையில் நிற்கிறோம் என்ற நினைப்பு வந்ததும் நான் மேடத்துக்கு முன்னால் போய் நின்றேன்.

"ஏலே, அவனுக்க அக்கா மஸ்கட்ல இருந்து வந்து எங்க ஆபீஸ்ல விட்ட கண்ணீரு இன்னும் காயல்ல. அவனை என்ன செய்த? சொல்லு!"

"அக்கா வந்திருக்காளா?" அவன் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். கண் நிறைந்துவிட்டது. "அவளுக்குக்கூடச் சொல்லப்படாதுன்னுதான் இருந்தோம். அழுதாளா? அவன் சாகல்லண்ணே. உயிரோட இருக்கான்."

எனக்கு உச்சந்தலை வரை குளிர்ந்தது. வாக்குக் கொடுத்தவன் அல்லவா? வாசல் பக்கம் போய் ரெஜிலாவுக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் தட்டிவிட்டேன். 'பிள்ளே, உனக்க தம்பி உயிரோட இருக்கான். சாயங்காலத்துக்குள்ள கூட்டிட்டு வாறோம்.' திரும்பி வந்தபோது ரெனிஷ் மொத்தத்தையும் கொட்டிக்கொண்டிருந்தான்.

அவர்கள் செய்துகொண்டிருந்த கேமின் பெயர் 'அணை'. ஒருவன் காட்டிலிருந்து அணை வரை நடந்து வரவேண்டும். ஜெபிஷ் கற்பனையில் படம் வரைகிறவன் இல்லை. பேச்சிப்பாறைக்கு மேலே ரப்பர் தோட்டங்களில் சுற்றி, போட்டோ எடுத்து, அதைப் பார்த்துப் பதினாறே நிறத்தில் அப்படியே வரைவான். மூன்றாவது காட்சியில் ஓர் ஓடை. ஓடைக்கரையில் ஒரு டிப்பர் லாரி. அது கொட்டுவது மஞ்சளும் சிவப்புமாக மூட்டைகள். எல்லை தாண்டி வந்த ஆஸ்பத்திரிக் கழிவு. அந்த ஓடைத் தண்ணீர் அணைக்குத்தான் போகிறது. லாரியின் நம்பரைக்கூட அவன் விடாமல் வரைந்திருந்தான்.

"போலீஸ்ல புகார் குடுத்தான் மேடம். மறுநாள் லாரிக்காரன் ஜினோ இவனுக்குப் போன் பண்ணி, இவன் எழுதின புகாரை இவனுக்கே வாசிச்சுக் காட்டினான். வெள்ளிக்கிழமைக்குள்ள உன்னை அணையில போடுவேன்னு சொன்னான். அவன் போடுறதுக்கு முன்னால நாங்களே போட்ட மாதிரி செய்திட்டோம்."

"லெட்டரை காஸ்மாவிலயே அடிச்சிருந்தா நான் பிடிச்சிருக்கவே மாட்டேனே?"

"காஸ்மாவைக் காலையிலயே இரணியலுக்கு அனுப்பியாச்சு. மெஷின் வரல்லன்னா நானும் ஒளிய வரமாட்டேன்னு உக்காந்துட்டான்."

"கொள்ளாம்! சாகப் போறவன் கம்ப்யூட்டரைப் பொதிஞ்சு முன்னாலயே அனுப்பி வச்சிருக்கான்," என்றேன்.

மேடம் இதற்கும் சிரிக்கவில்லை. நெற்றி சுருங்கியிருந்தது. "ரெனிஷ், இந்தத் தேதி விஷயம் யாருக்கெல்லாம் தெரியும்?"

"காஸ்மா வச்சிருக்க எல்லாருக்கும் தெரியும். அவனுக்க வீட்டுல கேக்கவே வேண்டாம். ஆன் பண்ணினா ஜனவரி ஒண்ணுதானே? சின்னதுல இருந்தே மெஷின் ஆன் பண்ணினா அவனும் அக்காவும் ஹாப்பி நியூ இயர் சொல்லுவாங்களாம். இப்பவும் போன்ல இவன் மெஷின் ஆன் பண்ணியாச்சுன்னு சொன்னா, அவ மஸ்கட்ல இருந்து ஹாப்பி நியூ இயர்னு சொல்லுவா. சொல்லிச் சொல்லிச் சிரிப்பான்."

மேடம் மெதுவாகப் போனை எடுத்தார். "காலையில வந்த பெண்ணு நமக்கு என்னத்தைக் காட்டினா தாஸண்ணே? லெட்டருக்க தேதியை. அந்த மெஷினோட வளந்தவ, அதுல உள்ள தேதியைப் பாத்து நம்புவாளா? சிரிக்கல்லா செய்வா?"

எனக்குப் புரிவதற்குள் ஸ்பீக்கரில் மணி அடித்தது.

"ரெஜிலா, உங்க தம்பிக்க மெஷினை இப்பதான் ஆன் பண்ணினோம்."

சொல்லிவிடு தாயே என்று நான் உள்ளுக்குள் கெஞ்சினேன். ஒரே ஒரு வாழ்த்து.

"சரி," என்றாள் அவள். "அதுக்கென்ன?"

ரெனிஷ் வாயைப் பொத்திக்கொண்டான்.

"அவன் எங்க இருக்கான் மேடம்? உயிரோட இருக்கான்னு உங்க டிரைவர் சொன்னாரே."

மேடம் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை இந்த ஜென்மத்தில் இன்னொரு தடவை வாங்க எனக்குத் தெம்பில்லை.

"பேச்சிப்பாறையிலதான்," என்றார் குரல் மாறாமல். "அணைக்கு மேல பழைய குவார்ட்டர்ஸ். நாங்க கிளம்பிட்டோம். நீங்களும் அங்க வந்திடுங்க."

போனை வைத்த அரை நிமிஷத்தில் கீழே ஓர் இஞ்சின் உறுமியது. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். பெண் பார்க்கப் போகிற மாதிரி வந்த அதே டிப்பர், வளைந்து குலசேகரம் ரோட்டுப் பக்கம் திரும்பியது. நம்பரின் கடைசி நான்கு எண்கள் 4471. ரெனிஷ் லேப்டாப்பில் மூன்றாவது காட்சியைத் திறந்தான். ஓடைக்கரையில் பொடிப்பொடிக் கட்டங்களால் ஆன ஒரு லாரி. 4471.

அந்தப் பெண் ரெஜிலாவே இல்லை, ஜினோவின் ஆள். அவள் அழுதது பொய். ஆனால் அவள் சொன்னதில் ஒன்று மட்டும் நிஜம். அவன் எங்கே இருக்கிறான் என்பது மட்டும்தான் அவளுக்கு வேண்டும்.

* * *

அணைக்குப் போய் ஏமாந்து திரும்ப ஒன்றரை மணி நேரம் ஆகும் என்று மேடம் கணக்குப் போட்டார். பிளாப்பியோடு ரெனிஷைக் குழித்துறையில் தெரிந்த வக்கீலிடம் பைக்கில் அனுப்பினார். நாங்கள் இரணியலுக்கு விட்டோம். வழியெல்லாம் மேடம் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எனக்கு என் வாயின் மேலேயே வெறுப்பாக இருந்தது.

இரணியல் ஸ்டேஷனுக்குப் பின்னால், மூடிக்கிடந்த ஓர் எண்ணெய் ஆலையின் பின்கட்டு. ரெனிஷ் போனில் சொல்லியிருந்ததால் கதவு திறந்தது. மெலிந்த உருவம், சிவந்த கண்கள், தரையில் பாதி ரொட்டி. அறையின் மூலையில் பழுப்பேறிப்போன ஒரு கம்ப்யூட்டர், தையல் மெஷின் மாதிரி இரைந்துகொண்டிருந்தது.

"கிளம்பு மக்கா. பத்து நிமிஷத்துல நாம இஞ்ச இருக்கப்படாது," என்றேன்.

அப்போது மேடத்தின் போன் அடித்தது. திரையில் ரெனிஷின் பெயர். மேடம் ஸ்பீக்கரில் போட்டார்.

"ஹாப்பி நியூ இயர் மேடம்," என்றது அந்தப் பெண்ணின் குரல்.

ஜெபிஷ் சுவரோடு ஒட்டிக்கொண்டான்.

"ஒரு வண்டி அணைக்குப் போச்சு. ஒரு வண்டி நின்னுச்சு. எங்ககிட்ட ரெண்டு வண்டி உண்டு மேடம். ரெனிஷை வழியில வச்சுக் கண்டோம், மரியாதையாக் கேட்டோம், எல்லாம் சொல்லிட்டான். ஜெபிஷையும் அந்த மெஷினையும் ரோட்டுல கொண்டு நிறுத்துங்க. இவனை முழுசாத் தாறோம். இருபது நிமிஷத்துல வந்திருவோம்."

மேடம் ஒரு மூச்சு மட்டும் எடுத்தார். "பிந்திட்டியளே. கேமு ரிலீஸ் ஆயாச்சு. உங்க லாரி முந்நூத்திப் பன்னிரண்டு வீட்டுல ஓடிட்டிருக்கு. போலந்துல போய் அழிச்சுட்டு வாங்க." போனை வைத்தார். ஜெபிஷிடம் திரும்பினார். "ரிலீஸ் பண்ணிட்டியா?"

"இல்லக்கா."

"நாலு நாளா என்னத்தப் பண்ணின?"

"நாலாவது காட்சியில ஒரு கோளாறு இருக்குக்கா." அவன் குரல் கம்மியது. "பாலத்துல இருந்து விழுந்தா ஆளு சாகமாட்டேங்கான். விழுந்துட்டே இருக்கான். இதோட வெளியிட்டா அவங்க என்ன நெனைப்பாங்க? எங்களை நம்பித்தான் அவங்க..."

"உனக்க கூட்டுக்காரன் அங்க விழுந்துட்டிருக்கான் லே!" என்று கத்திவிட்டேன்.

ஜெபிஷ் என்னைப் பார்த்தான். பிறகு அந்த மெஷினைப் பார்த்தான். உயிருக்கு ஒளிந்திருக்கிற இடத்திலும் கோளாறோடு ஒரு பொருளை வெளியே விட மனசு வராதவன். அவன் மேல் எனக்குக் கோபமும் வந்தது, மதிப்பும் வந்தது. அவன் அந்தப் பழைய மெஷினில் தானே பொருத்தியிருந்த ஒரு சின்னச் சொருகியிலிருந்து மெமரி கார்டை உருவினான். அதைத் தன் போனில் போட்டான். காஸ்மாக்காரர்களின் வெப்சைட்டில் எல்லோருக்கும் ஒரே கடிதம்: 'அணை. இந்த முறை இலவசம். நான்காவது காட்சியில் பிழை இருக்கிறது, மன்னியுங்கள். மூன்றாவது காட்சியில் இருக்கும் லாரி நிஜம். எங்களுக்கு ஏதாவது நடந்தால் அந்த நம்பரை எல்லோருக்கும் காட்டுங்கள்.'

மழையில் சிக்னல் ஒரு கோடுதான். போனை ஜன்னல் கம்பிக்கு வெளியே நீட்டிக்கொண்டு நான் நின்றேன். பத்து சதவீதம். பதினொன்று. எங்கோ ஹாரன் கேட்டது. நாற்பது. என் கை மரத்துப்போனது. தொண்ணூறு. முடிந்தது.

எத்தனை பேர் எடுத்தார்கள் என்ற இடத்தில் பூஜ்யம் நின்றது. நின்றுகொண்டே இருந்தது. அங்கே அவர்களுக்கு வேலை நேரம் என்றான் ஜெபிஷ், அழுகிற குரலில். பிறகு ஒன்று. மூன்று. பன்னிரண்டு.

ஆலை வாசலில் அவர்களுடைய இரண்டாவது டிப்பர் வந்து நின்றது. இஞ்சினை அணைக்கவில்லை. மேடம் என் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டு மழையில் இறங்கிப் போனார், தனியாக. கூடப் போக எழுந்த என்னை ஒரு விரலால் நிறுத்திவிட்டார்.

கேபின் கண்ணாடி இறங்கியது. அதே வெள்ளைச் சுடிதார். மேடம் போனை அவள் முகத்துக்கு நேராகப் பிடித்தார். அதற்குள் எவனோ ஒரு ஜெர்மன்காரன் லாரியின் நம்பரை மட்டும் வெட்டிப் பெரிசாக்கி வெப்சைட்டில் போட்டிருந்தான். அதன் கீழே கேள்வி மேல் கேள்வியாக வந்துகொண்டிருந்தது. அவள் வெகுநேரம் பார்த்தாள். டிரைவர் சீட்டில் இருந்தவனிடம் ஏதோ சொன்னாள். அந்தப் பக்கத்துக் கதவு திறந்தது. ரெனிஷ் சேற்றில் வந்து விழுந்தான். உதடு கிழிந்து, ஒரு காலில் செருப்பில்லாமல். ஆனால் எழுந்து நின்றான்.

"வண்டிக்க நம்பரை மாத்திரலாம் மேடம்," என்று அவள் சொன்னது எனக்குக் கேட்டது. "உங்க மொகத்தை நான் மறக்க மாட்டேன்."

டிப்பர் பின்னாலேயே போய், வளைவில் மறைந்தது. மேடம் உள்ளே வந்து உட்கார்ந்து, தரையில் கிடந்த அந்தப் பாதி ரொட்டியை எடுத்துக் கடித்தார். எனக்கு ஆயிரம் ஜோக் தெரியும். ஒன்றும் வாயில் வரவில்லை.

ஜெபிஷ், ரெனிஷின் உதட்டைத் துணியால் துடைத்துவிட்டான். பிறகு என் போனை வாங்கி மஸ்கட் நம்பரை அழைத்தான். நான்கு நாளாகத் தம்பி செத்தான் என்று நம்பிக்கொண்டிருக்கும் நிஜ அக்கா.

எடுத்தாள். "யாரு?" என்ற குரலில் உயிரே இல்லை. இவனுக்குப் பேச வரவில்லை. வாயைத் திறக்கிறான், காற்றுதான் வருகிறது. அந்தப் பழைய மெஷினை அணைத்தான். மறுபடி ஆன் பண்ணினான். அது கரகரவென்று விழித்தது.

"மெஷின் ஆன் பண்ணியாச்சு," என்றான்.

மறுமுனையில் ஏதோ கீழே விழுந்து உடைந்தது. பிறகு ஓர் அலறல், அதற்கு நடுவில் துண்டு துண்டாக வார்த்தைகள்.

"ஹாப்பி... ஹாப்பி நியூ இயர் மக்கா. ஹாப்பி நியூ இயர்."

வெளியே ஆடி மழை கொட்டிக்கொண்டிருந்தது. திரையில் ஜனவரி ஒன்று என்றிருந்தது. அன்றைக்கு அந்த மெஷின் காட்டியதுதான் சரியான தேதி என்று எனக்குத் தோன்றியது.